கருத்தடை ஊசியும் மூளைக் கட்டியும்: அமெரிக்க வழக்குகளில் உண்மையில் விசாரிக்கப்படுவது எது?

கேள்வி: "அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை ஏழு வருடம் டெப்போ-புரோவெரா ஊசி போட்டுக்கொண்டாள். அதனால் மூளையில் கட்டி வரும், வழக்குப் போட்டால் நஷ்டஈடு கிடைக்கும் என்று ஃபோனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறதாம். பயந்துபோய் இருக்கிறாள். இதில் எவ்வளவு உண்மை? அவள் வழக்குப் போடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்குக் கட்டி இருப்பதாக எந்த மருத்துவரும் சொல்லவில்லை என்றால், அந்த விளம்பரம் தேடுவது அவரை அல்ல. மெனிஞ்ஜியோமா (மூளை உறையில் வரும் கட்டி) என்று ஸ்கேனிலோ அறுவைச் சிகிச்சையிலோ உறுதியானவர்களைத்தான் அது தேடுகிறது. ஊசி போட்டுக்கொண்டது மட்டும் போதாது, பயந்தது மட்டும் போதாது. நோய் வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும்.

முதல் கேள்வி பெரியது. அதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் தப்பாகிவிடும்.

டெப்போ-புரோவெரா என்பது மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் அசிடேட் என்ற செயற்கை ஹார்மோன். புஜத்திலோ இடுப்புத் தசையிலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம். அப்ஜான் கம்பெனி உருவாக்கியது. அப்ஜான் ஃபார்மேசியாவோடு சேர்ந்தது, ஃபார்மேசியாவை 2003-இல் ஃபைசர் வாங்கியது. ஆகவே பிரதிவாதிக் கூண்டில் இன்று நிற்பது ஃபைசர். இந்த ஊசிக்குக் கருத்தடை மருந்தாக அனுமதி கேட்டு அப்ஜான் முதலில் போனது 1967-இல். பீகிள் நாய்களில் மார்பகக் கட்டிகள் வந்தன, குரங்குகளில் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் தென்பட்டது. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1978-இல் மறுத்தது. அனுமதி கிடைத்தது 1992 அக்டோபரில்தான். நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில் அட்லாண்டாவின் ஒரு பொது மருத்துவமனைக் கிளினிக்கில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு, ஆய்வு என்ற பெயரில் இது போடப்பட்டது. இந்த மருந்து மேல் இருக்கும் அவநம்பிக்கை நேற்று முளைத்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் இன்றைய வழக்கில் நாயும் குரங்கும் வரமாட்டா. விஷயம் வேறு.

மெனிஞ்ஜியோமா என்பது மூளைக்குள் வரும் கட்டி இல்லை. மூளையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் உறையில் வருவது. பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்பவை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தற்செயலாகத் தெரிவதும் உண்டு. "புற்றுநோய் இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மண்டையோடு விரிந்துகொடுக்காது. கட்டி சாதுவாக இருந்தாலும் பார்வை நரம்பை அழுத்தலாம், வலிப்பு வரவைக்கலாம், மண்டையைத் திறக்கும்படி செய்யலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. இந்தக் கட்டிகளின் செல்களில், இந்த ஊசி போன்ற ஹார்மோன்கள் பற்றிக்கொள்ளும் புரொஜெஸ்டிரோன் ஏற்பிகள் நிறைய இருப்பதை 1980-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். அதாவது இந்தப் பூட்டு அந்தச் சாவிக்குத் திறக்கக்கூடும் என்ற சந்தேகம் பழையது.

சந்தேகத்தை எண்ணாக்கியது பிரான்ஸ். 2024 மார்ச்சில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2009 முதல் 2018 வரை மெனிஞ்ஜியோமாவுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களை, அதே வயதுள்ள 90,305 பெண்களோடு ஒப்பிட்டார்கள். இந்த ஊசியை ஒரு வருடமோ அதற்கு மேலோ போட்டவர்களிடம் ஆபத்து 5.55 மடங்கு. விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் "ஐந்து மடங்கு" இதுதான்.

அந்த எண்ணுக்கு அடியில் இருப்பதை விளம்பரம் சொல்லாது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 18,061 பேரில் இந்த ஊசி போட்டிருந்தவர்கள் ஒன்பது பேர். ஒப்பீட்டுக் குழுவின் 90,305 பேரில் பதினொரு பேர். பிரான்ஸில் இந்த ஊசியை அதிகம் யாரும் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் இத்தனை குறைவு. ஒன்பதையும் பதினொன்றையும் வைத்துக் கட்டிய கணக்கு என்பதால் அதன் நிச்சயமின்மையும் பெரிது. உண்மையான மடங்கு 2.27-ஆகவும் இருக்கலாம், 13.56-ஆகவும் இருக்கலாம் என்றுதான் ஆய்வே சொல்கிறது. ஃபைசர் வக்கீல்கள் பிடித்துக்கொள்வது இந்த ஒன்பதை. வாதிகள் பிடித்துக்கொள்வது கீழ் எல்லைகூட இரண்டுக்கு மேல் நிற்கிறது என்பதை.

அந்த "இரண்டு" ஏன் முக்கியம்? மருத்துவ இதழுக்கு வெளியே, நீதிமன்றத்துக்குள் மட்டும் அதற்கு ஒரு தனி மந்திர சக்தி உண்டு. சிவில் வழக்கில் "இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்" என்று காட்டினால் போதும், அதாவது ஐம்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மருந்து ஆபத்தை இரண்டு மடங்காக்கினால், அந்த மருந்தை எடுத்து நோய் வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு அது எப்படியும் வந்திருக்கும், இன்னொருவருக்கு மருந்தால் வந்தது என்று கணக்கு. இரண்டைத் தாண்டினால் தராசு சாய்கிறது. 5.55 மடங்கு என்றால் குறிப்பிட்ட ஒருவரின் கட்டி மருந்தால் வந்திருக்க வாய்ப்பு 82 சதவீதம். 2.27 என்றால் 56. இரண்டுமே ஐம்பதுக்கு மேல். இது ரொம்பவும் முரட்டுத்தனமான கணக்கு என்று புள்ளியியல்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், எல்லா நீதிபதிகளும் இதை ஏற்பதும் இல்லை. ஆனாலும் வக்கீல் அலுவலகங்களில் ஓடுவது இந்தக் கணக்குத்தான்.

பிறகு அமெரிக்கத் தரவுகளை வைத்தும் ஆய்வுகள் வந்தன. 2024-இல் வந்த ஒன்றில் 1.53 மடங்கு, அதாவது மந்திரக்கோட்டுக்குக் கீழே. 2025-இல் ஜாமா நியூராலஜி இதழில் வந்த இன்னொன்றில் 2.43 மடங்கு, கோட்டுக்கு மேலே. அந்த இரண்டாவது ஆய்வில் ஆபத்து தெரிந்தது நான்கு வருடத்துக்கு மேல் போட்டவர்களிடமும், 31 வயதுக்குப் பிறகு ஆரம்பித்தவர்களிடமும்தான். அதிலேயே இன்னொரு எண்ணும் உண்டு, உங்கள் தங்கைக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்: 1,152 பெண்கள் இந்த ஊசியைப் போட்டால் கூடுதலாக ஒருவருக்குக் கட்டி வரும். மடங்கு கேட்கப் பயமாக இருக்கும், ஆள் கணக்கு அப்படி இல்லை. இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். அந்த ஒருவராக இருப்பவருக்கு 1,151 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் ஆறுதல் ஏதும் இல்லை. வழக்குக்கு வருவதும் அந்த ஒருவர்தான்.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். பலரும் நினைப்பதுபோல "இந்த ஊசி கெட்டதா?" என்பது நீதிமன்றத்தின் கேள்வியே அல்ல. எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்து, கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டது, கருத்தடை என்ற வேலையைச் சரியாகவே செய்கிறது. கேள்வி இது: கம்பெனிக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தபின் ஏன் சொல்லவில்லை? சட்டத்தில் இதை எச்சரிக்கத் தவறிய குற்றச்சாட்டு என்பார்கள். வாதிகள் தரப்பு அடுக்குவதெல்லாம் இதைச் சுற்றியே. ஏற்பிகளைப் பற்றி 1980-களிலேயே தெரியும் என்கிறார்கள். இதே குடும்பத்து ஹார்மோனான சைப்ரோடிரோனுக்கு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இலேயே மெனிஞ்ஜியோமாவைச் சொல்லிக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. கனடாவில் இந்த ஊசியின் தகவல் ஏட்டில் 2015 முதலே மெனிஞ்ஜியோமா என்ற சொல் இருக்கிறது என்கிறார்கள். ஐரோப்பாவும் பிரிட்டனும் 2024 இலையுதிர் காலத்தில் எச்சரிக்கை சேர்த்தன. அமெரிக்க லேபிளில் (மருந்தோடு வரும் தகவல் ஏட்டில்) மட்டும் அப்போதும் ஒரு வரி இல்லை. ஒரே கம்பெனி, ஒரே மருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சு, இந்தப் பக்கம் மௌனம்.

இதற்கு ஃபைசர் சொல்லும் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. "நாங்கள் எழுதத்தான் கேட்டோம், எஃப்.டி.ஏ. வேண்டாம் என்றது" என்கிறது. சட்டப்படி இது கனமான வாதம். மருந்து லேபிள் மத்திய அரசின் அதிகாரம், நஷ்டஈட்டு வழக்கு மாநிலச் சட்டம். மாநிலச் சட்டம் எழுதச் சொல்வதை மத்திய அமைப்பு தடுத்திருந்தால், அந்த வழக்கு எழும்போதே விழுந்துவிடும். இதைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன மூன்று தீர்ப்புகள் இங்கே முக்கியம். 2009-இல் வயத் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில், லேபிளை எஃப்.டி.ஏ. அங்கீகரித்தது என்பதாலேயே கம்பெனி தப்ப முடியாது, புதிய ஆபத்து தெரிந்தால் முன் அனுமதிக்குக் காத்திராமல் தானே எச்சரிக்கையைச் சேர்க்க வழி இருக்கிறது என்றது. 2011-இல், பிராண்ட் மருந்தை நகல் எடுத்து விற்கும் ஜெனரிக் தயாரிப்பாளருக்கு அந்த வழி இல்லை என்றது. 2019-இல் மெர்க் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில், எஃப்.டி.ஏ.-வுக்கு எல்லா விவரமும் முழுசாகக் கொடுத்து, அதன் பிறகும் அது மறுத்திருந்தால்தான் கம்பெனிக்குக் கேடயம், அதைத் தீர்மானிப்பதும் ஜூரி அல்ல, நீதிபதி என்றது.

ஆகவே சண்டை "முழுசாக" என்ற ஒரே சொல்லில் வந்து நிற்கிறது. ஃபைசர் தன் விண்ணப்பத்தில் இந்த ஊசியின் ஆபத்தை மற்ற மாத்திரைகளோடு, குறைந்த டோஸ் வகைகளோடு கலந்து கட்டிக் கேட்டது, மறுப்பு வரும்படியே கேட்டது என்கிறார்கள் வாதிகள். அப்படி இல்லை, இருந்த ஆதாரம் போதாது என்று எஃப்.டி.ஏ.-தான் சொன்னது என்கிறது ஃபைசர். இந்த இழுபறிக்கு நடுவில் 2025 டிசம்பரில், அதே எஃப்.டி.ஏ. ஊசியின் லேபிளில் மெனிஞ்ஜியோமா எச்சரிக்கையைச் சேர்க்க ஒப்புக்கொண்டது.

"அப்படியானால் வழக்கு ஜெயித்த மாதிரிதானே?" என்று சந்தோஷப்பட வேண்டாம். மத்திய சாட்சியச் சட்டத்தின் 407-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. பிரச்சினை நடந்தபின் ஒருவர் செய்யும் சீர்திருத்தத்தை, அவர் முன்பு தப்புச் செய்தார் என்பதற்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. காட்டலாம் என்றால் யாரும் எதையும் சரிசெய்யவே மாட்டார்கள் என்பது காரணம். ஆனால் "அப்படிச் செய்யவே முடியாது" என்று பிரதிவாதி சொன்னால், "முடியும், இதோ செய்திருக்கிறாயே" என்று காட்டலாம். ஃபைசரின் முக்கிய வாதமே "எங்களால் முடியாது, எஃப்.டி.ஏ. விடாது" என்பதுதானே! முன்கதவில் தடுத்தது பின்கதவு வழியாக வருகிறது. இதற்கு ஃபைசர் பக்கமும் பதில் உண்டு: 2025-இல் ஆதாரம் கூடியபின் ஒப்புக்கொண்டார்கள், முன்பு ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் இருக்கிறது, எனக்கு அது இன்னும் நேரடியானதாகப் படுகிறது. இதே கம்பெனி இதே மருந்தை 104 மில்லிகிராமில் தோலுக்கு அடியில் போடும் ஊசியாகவும் 2004 முதல் வைத்திருக்கிறது. கருத்தடையில் அது இதற்குக் குறைந்ததல்ல. குறைந்த அளவே போதும் என்று தெரிந்தபிறகும் 150-ஐ ஏன் பிரதானமாக விற்றார்கள்? இது வடிவமைப்புக் குறை என்ற வகையில் வருகிறது. ஆனால் அனுமதி பெற்ற மருந்தின் அளவை மாற்ற எஃப்.டி.ஏ. சம்மதம் வேண்டும் என்பதால், இங்கும் மேலே சொன்ன மத்திய-மாநிலச் சுவரில் போய் முட்டும்.

வெளியே யாரும் பேசாத ஒரு இடறல்கல்லும் இருக்கிறது. மருந்துக் கம்பெனி எச்சரிக்க வேண்டியது நோயாளியை அல்ல, மருத்துவரை என்பது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். நடுவில் படித்த ஒருவர் இருக்கிறார், அவர் எடுத்துச் சொல்வார் என்பது எண்ணம். விளைவு என்ன? ஊசி போட்ட மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி, "இந்த எச்சரிக்கை இருந்திருந்தாலும் நான் அதே ஊசியைத்தான் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடலாம். இதே டெப்போ-புரோவெரா ஊசி பற்றி 1990-இல் ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. விடாத ரத்தப்போக்கு, கடைசியில் கருப்பையையே எடுக்க வேண்டி வந்த ஒரு பெண் தொடுத்தது. மருத்துவருக்கான எச்சரிக்கை போதாது என்று காட்ட நிபுணர் சாட்சி இல்லை என்று சொல்லி, கம்பெனி பக்கம் தீர்ந்தது. கருத்தடை விஷயத்தில் இந்த விதி பொருந்தாது என்ற குரலும் சட்டத்துக்குள்ளேயே உண்டு. நோயை மருத்துவர் தீர்மானிக்கலாம், கருத்தடையைத் தீர்மானிப்பது அந்தப் பெண், ஆகவே அவளிடமே சொல்ல வேண்டும் என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1985-இல் ஒரு கருத்தடை மாத்திரை வழக்கில் சொன்னது. நியூ ஜெர்சி 1999-இல், தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடையான நார்பிளான்ட் வழக்கில், மக்களிடம் நேரடியாக விளம்பரம் செய்தால் மக்களையே நேரடியாக எச்சரிக்கவும் வேண்டும் என்றது. எந்த மாநிலம் என்பதே சில சமயம் தலையெழுத்து.

எந்த ஊசி என்பதும்தான். கிளினிக்கில் போட்டது ஃபைசரின் பிராண்டா, வேறு கம்பெனியின் ஜெனரிக்கா? ஜெனரிக் என்றால் 2011 தீர்ப்பு கதவைச் சாத்துகிறது. பிராண்ட் கம்பெனி எழுதிய லேபிளைத்தானே ஜெனரிக்கும் நகல் எடுக்கிறது, ஆகவே பிராண்ட் கம்பெனியே பொறுப்பு என்று கலிஃபோர்னியா 2017-இல் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கவில்லை. பெயர் வேறாக இருந்தாலும் ஃபைசரே தயாரித்துக் கொடுத்த அங்கீகரிக்கப்பட்ட ஜெனரிக்கும் சந்தையில் உண்டு, அது தனிக் கணக்கு. பத்து வருடத்துக்கு முன் போட்ட ஊசியின் சீசாவில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் வழக்கு தொங்குவது அதில்.

மத்திய நீதிமன்றங்களில் இருந்த இந்த வழக்குகள் எல்லாம் 2025 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், நீதிபதி கேசி ராட்ஜர்ஸ் முன் எம்.டி.எல். (பல மாவட்ட வழக்குகளின் தொகுப்பு) 3140 என்ற எண்ணில் ஒன்றுசேர்க்கப்பட்டன. நூற்றுக்கும் குறைவாகத் தொடங்கி அந்த வருட இறுதிக்குள் ஆயிரத்தைத் தாண்டின. இது கூட்டு வழக்கு இல்லை என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனி. ஆவணம், சாட்சியம் போன்ற பொது வேலைகள் மட்டும் ஒரே இடத்தில். அதனால் எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஒன்று கிடையாது. ஐந்து மாதிரி வழக்குகளை முன்னால் நகர்த்துகிறார்கள். இந்த நீதிபதியின் முன்கதையும் பொருத்தமானது: 3எம் கம்பெனி மேல் ராணுவத்தினர் போட்ட காதடைப்பான் வழக்குகளை நடத்தியவர் இவர்தான். அங்கே மூன்று லட்சத்துக்கும் மேல் வழக்குகள் குவிந்தன, சரிபார்க்காமல் போட்டவை ஏராளம். 2023-இல் 600 கோடி டாலரில் சமரசம் ஆனது. அந்தச் சூடு பட்டவர் என்பதால் இங்கே ஊசி போட்டதற்கும் நோய் வந்ததற்கும் ஆவணத்தை ஆரம்பத்திலேயே கேட்கிறார். காகிதம் இல்லாதவர்களை விளம்பரம் போட்டுச் சேர்க்கும் வியாபாரம் இங்கே முன்போல நடக்காது.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். சராசரி இவ்வளவு லட்சம் டாலர் என்று எழுதியிருப்பதெல்லாம் வாடிக்கையாளர் பிடிக்க எழுதியவை, நம்ப வேண்டாம். வக்கீல்கள் வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற முறையில் எடுப்பார்கள், வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை. செலவுகள் அதற்கு மேல் தனி.

காலவரம்புதான் பலரைக் கவிழ்க்கும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கென்டக்கி, டென்னசியில் ஒரே வருடம். பல இடங்களில் இரண்டு அல்லது மூன்று. எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில் சண்டை: கட்டி தெரிந்த நாளா, ஊசிதான் காரணம் என்று தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளா? 2024 மார்ச் பிரெஞ்சு ஆய்வு வெளியான நாளையே தொடக்கமாக எடுக்க வேண்டும் என்ற வாதம் வரும். ஆகவே உண்மையிலேயே நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

எலும்பு தேய்வது பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு கதை. எலும்பு அடர்த்தி குறையும், வேறு வழி ஒத்துவந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று 2004 நவம்பரிலேயே லேபிளில் கறுப்புக் கட்டம் போட்ட கடும் எச்சரிக்கை வந்துவிட்டது. எச்சரித்த பிறகு எச்சரிக்கவில்லை என்று வழக்குப் போட முடியாதே. ஏழு வருடம் என்று நீங்கள் சொன்னதும் கட்டியைவிட எனக்கு முதலில் தோன்றியது எலும்புதான். அதை அவர் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

கடைசியாக, தங்கை இப்போது செய்ய வேண்டியது. தலைவலி மாறிக்கொண்டே போகிறது, பார்வை மங்குகிறது, காதில் இரைச்சல், வலிப்பு என்று ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் பயத்துக்காக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. தற்செயலாகத் தெரியும் ஒரு சிறு கட்டி, தொந்தரவே செய்யாததாக இருந்தாலும், ஆயுளுக்கும் ஒரு கவலையைக் கட்டிவிடும். ஊசியைத் தொடர்வதா என்பதை அவசரத்தில் முடிவு செய்ய வேண்டாம். மாற்று ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் திட்டமிடாத கர்ப்பம் என்ற உடனடி ஆபத்து நிற்கிறது. அந்தப் பிரெஞ்சு ஆய்விலேயே கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் உள்ள ஐ.யு.டி. சாதனத்தில் ஆபத்து கூடவில்லை என்பதையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லலாம். இதோடு ஒரு சின்ன வேலை: ஊசி போட்ட கிளினிக்குக்கும் மருந்துக்கடைக்கும் எழுதி, போட்ட தேதிகள், தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் உள்ள பதிவுகளின் நகலை வாங்கி வைக்கட்டும். அவர்கள் பழைய பதிவுகளைச் சில வருடங்களில் அழித்துவிடுவார்கள். வழக்குக்காக இல்லாவிட்டாலும், நாளை அவரைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.